மீண்டவர் சொன்ன கதைகள்

— பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி

நல்ல நூல் நல்ல தோழிக்கு ஒப்பாகும் என்பர் பெரியோர். தோழியரில் பல வகையினர் உண்டு. நம்மைச் சிரிக்க வைப்பவர் உண்டு. பாடம் சொல்லித் தருபவர் உண்டு. “நான் விழுந்த குழி இது, நீ பார்த்து நட” என்று தன் காயத்தைக் காட்டிச் சொல்பவரும் உண்டு. இவ்வாண்டு நான் படித்தவை அந்த மூன்றாம் வகைத் தோழியரைப் போன்ற நூல்கள். இளம் வயதிலேயே போதைக்கு அடிமையாகி, பின்னர் மீள முயன்றவர்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே சொன்ன நூல்கள் அவை.

நூலகத்தில் இவற்றைக் கேட்டபோது சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பொதுத் தேர்வு எழுதப் போகிற பிள்ளை. இதெல்லாம் எதற்கம்மா உனக்கு?”

“தெரிந்துகொள்ள வேண்டும் சிஸ்டர்” என்றேன். அன்று நான் முழு உண்மையையும் சொல்லவில்லை. அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒவ்வொரு நூலையும் முதலில் தாம் படித்து, என் வயதுக்கு ஆகாத பக்கங்களுக்குக் கிளிப் போட்டு, அதன் பிறகே என் கையில் தந்தார்கள். ஒரு நூலை மட்டும் தரவே இல்லை. அதிலிருந்து சில பகுதிகளைத் தாமே வாசித்துப் பொருள் சொன்னார்கள்.

நான் ஏன் இந்த நூல்களைத் தேடினேன் என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். முதலில் நூல்கள் சொல்வதைக் கேட்போம்.

பாடநூலும் தன்வரலாறும்

போதைப்பொருள் உடலுக்குக் கேடு என்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மூளையில் டோப்பமைன் என்னும் வேதிப்பொருள் சுரப்பதைப் போதை தாறுமாறாக்குகிறது. நன்மை தீமையை எடைபோட்டு நிறுத்த வேண்டிய மூளையின் முன்பகுதி, ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே வளரும் பருவத்தில் பற்றிக்கொள்ளும் பழக்கம் ஆழமாக வேரூன்றிவிடுகிறது. இவை அறிவியல் தரும் உண்மைகள்.

ஆனால் இதைப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் போதையில் விழுந்திருக்கிறார்களே, அது ஏன்? பாடநூல் நமக்கு முடிவைச் சொல்கிறது. தன்வரலாறு தொடக்கத்தைக் காட்டுகிறது. அழிந்துபோன உடலைப் படத்தில் பார்க்கும்போது, “இது நமக்கு வராது” என்று நினைத்துக்கொள்கிறோம். தொடக்கத்தைப் பார்க்கும்போதுதான், “அட, இது என் வீட்டிலும் நடக்கக்கூடியதுதானே!” என்று திடுக்கிடுகிறோம்.

சிறு துளியில் தொடக்கம்

இவ்வகைக் கதைகளில் மிகப் பழையது ஒன்று நம் திருச்சபையின் நூலிலேயே இருக்கிறது என்று சிஸ்டர் காட்டியபோது வியந்துபோனேன். புனித அகுஸ்தினார் கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய தம் வாழ்க்கை அறிக்கையின் ஒன்பதாம் பகுதியில், தம் தாயார் புனித மோனிக்காவின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறார்.

சிறுமியாக இருந்த மோனிக்காவை, பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்து வரப் பெற்றோர் அனுப்புவார்களாம். அடக்கமான பெண் என்று அவரைத்தான் அனுப்பினார்கள். அவரோ விளையாட்டாக உதட்டு நுனியால் ஒரு துளி சுவைத்தார். மறுநாள் இன்னொரு துளி. நாளடைவில் ஏறக்குறைய முழுக் கிண்ணத்தையும் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். உடன் சென்ற பணிப்பெண் ஒருநாள் சண்டையில் அவரைக் குடிகாரி என்று ஏசினாள். அந்தச் சொல் தைத்தது. மோனிக்கா அன்றே பழக்கத்தை விட்டார்.

புனிதராக வணங்கப்படும் ஒரு தாயின் வாழ்வில் இந்தப் பக்கத்தை மகனே எழுதி வைத்திருக்கிறார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறைக்காததால்தான் 1600 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பள்ளி மாணவிக்கு அது பாடமாகிறது.

இரண்டாவது, இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் டி குயின்சி எழுதியது. ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்த அவர் 1804-ஆம் ஆண்டு, 19 வயதில், முகவலியும் பல்வலியும் தாளாமல் இலண்டன் கடை ஒன்றில் அபின் மருந்து வாங்கினார். அக்காலத்தில் அது சாதாரண மருந்துக் கடையிலேயே கிடைத்தது. வலி போயிற்று, கூடவே ஒரு இன்பமும் வந்தது. அந்த இன்பம் பின்னர் எசமானன் ஆகிவிட்டது. 1821-இல் ஒரு இலண்டன் பத்திரிகையில் அவர் தம் கதையை வெளியிட்டார். போதை அடிமைத்தனத்தைப் பற்றி எழுதப்பட்ட தன்வரலாறுகளுக்கு முன்னோடியாக அதைக் கூறுவர். அவர் தீய நண்பர்களைத் தேடிப் போகவில்லை. வலிக்கு மருந்து தேடித்தான் போனார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே. பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

மூன்றாவது, மேற்கு பெர்லினில் வளர்ந்த ஒரு சிறுமியின் கதை. கிறிஸ்டியானே எஃப். என்று மட்டும் நூலில் அவள் பெயர் இருக்கிறது. அவள் 1962-இல் பிறந்தவள். ஆறு வயதில் பெற்றோருடன் நகரின் ஓரத்தில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தாள். வீட்டில் தந்தையின் அடி. வெளியே விளையாட இடமில்லை. பன்னிரண்டு வயதில் கஞ்சா இனத்துப் புகை. அதை அவள் கற்ற இடம் எது தெரியுமா? ஒரு கிறிஸ்தவ சபை நல்ல நோக்கத்தோடு நடத்திய இளைஞர் மன்றம். பதின்மூன்று வயதில் ஹெராயின். பதினான்கு வயதில் அது இல்லாமல் எழுந்து நிற்க முடியாத நிலை. ஸூ என்னும் இரயில் நிலையத்தைச் சுற்றித் திரிந்து, சொல்லக் கூசும் வழிகளில் பணம் தேடினாள். அவளோடு திரிந்த பிள்ளைகளில் சிலர் மாண்டுபோனார்கள்.

1978-இல் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்த அவளை, கை ஹெர்மன், ஹோர்ஸ்ட் ரீக் என்னும் இரு பத்திரிகையாளர்கள் சந்தித்தார்கள். இரண்டு மணி நேரம் பேசலாம் என்று தொடங்கியது இரண்டு மாதம் நீண்டது. அவள் சொல்லச் சொல்லப் பதிவு செய்து, அதே ஆண்டில் நூலாக்கினார்கள். 1981-இல் திரைப்படமும் வந்தது.

இம்மூவரும் காலத்தாலும் தேசத்தாலும் வேறுபட்டவர்கள். ஒருவருக்கு விளையாட்டுத்தனம், ஒருவருக்கு வலி, ஒருவருக்குத் தனிமை. காரணங்கள் வேறாயினும் தொடக்கம் ஒன்றே. எவரும் “நான் அடிமையாகப் போகிறேன்” என்று தொடங்கவில்லை. “இந்த ஒரு முறை” என்றுதான் தொடங்கினார்கள்.

போதையின் உடன்பிறப்பு

போதைக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் பொய். நான் படித்த நூல்கள் அனைத்திலும் போதை நுழைந்த அன்றே பொய்யும் நுழைந்துவிடுகிறது.

கிறிஸ்டியானேயின் நூலில் அவளுடைய தாயும் தம் பங்கைச் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாய் அவர். மகள் சொன்ன சமாதானங்களை நம்பிவிட்டார், நம்பவே விரும்பினார். பெற்றோர் ஏமாறுவது அறிவின்மையால் அன்று, அன்பினால்தான் என்பது அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் ஒரே குடும்பத்தின் துயரத்தைத் தந்தையும் மகனும் தனித்தனியே எழுதினார்கள். தந்தை டேவிட் ஷெஃப் ஒரு பத்திரிகையாளர். அவர் எழுதிய ‘பியூட்டிஃபுல் பாய்’, மகன் நிக் எழுதிய ‘ட்வீக்’ ஆகிய இரு நூல்களும் 2008-இல் வாசகர் கைக்கு வந்தன. நிக் நன்றாகப் படிக்கும் பிள்ளை, நீச்சல்காரன், எழுத்தில் ஆர்வமுள்ளவன். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோதே அவன் பையில் தந்தை கஞ்சாவைக் கண்டார். கண்டித்தார், மகன் வருந்தினான், முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. பின்னர் மெத் என்னும் கொடிய போதைப்பொருளில் நிக் சிக்கினான். வீட்டிலேயே திருடினான். தன்மேல் உயிரையே வைத்திருந்த சின்னஞ்சிறு தம்பியின் சேமிப்பிலிருந்து சில டாலர்களையும் எடுத்துவிட்டான்.

அந்த இடத்தில் நான் நூலை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

தந்தையின் நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மகனைக் காப்பாற்றும் கவலையில் அவர் தம்மையே இழந்துகொண்டிருந்தார். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோதும் மகன் எங்கே இருக்கிறானோ என்றே அவர் மனம் தவித்தது. அடிமைப்பட்டவர்களின் குடும்பத்தாருக்காகவே கூட்டங்கள் நடக்கின்றன. நீ இதற்குக் காரணமல்ல, உன்னால் இதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பது அங்கே கற்பிக்கப்படும் பாடம். கேட்பதற்குக் கடினமாக இருக்கிறது. ஆனால், “நான் எங்கே தவறினேன்?” என்று இரவெல்லாம் அழும் தாய்மாருக்கு இதைவிட ஆறுதலான சொல் இல்லை என்பதை நான் வீட்டிலேயே கண்டேன்.

பொய் எங்கே முடிகிறதோ அங்கே மீட்சி தொடங்குகிறது. இதற்குச் சான்று தேட அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. காந்தியடிகள் தம் சத்திய சோதனையில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஓர் உறவினரோடு சேர்ந்து, வீசியெறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், அது போதாமல் பீடி வாங்க வேலைக்காரரின் சில்லறைக் காசைத் திருடியதையும் எழுதியிருக்கிறார். பதினைந்து வயதில், அதாவது என் வயதில், அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டு பொன்னை எடுத்தார். அது அண்ணன் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக. கடன் தீர்ந்தது, மனம் தீரவில்லை. வாயால் சொல்ல அஞ்சி, குற்றத்தை ஒரு தாளில் எழுதி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. பின் தாளைக் கிழித்துவிட்டார். ஒரு சொல்லும் திட்டவில்லை.

நாம் ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிட்டுச் சொல்வதும் இதுவே அல்லவா? வாய் திறந்து சொன்ன பின்தான் பாரம் இறங்குகிறது.

மீட்சி ஒரு நாள் வேலையன்று

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று நம்மவர் சொல்வர். பழக்கத்தின் வலிமையைக் காட்ட அது நல்ல பழமொழிதான். ஆனால் அடிமைப்பட்டவரைப் பார்த்து அதைச் சொன்னால், அவருக்குக் கதவை மூடுவதாக ஆகும். மீண்டவர்களின் நூல்கள் அந்தப் பழமொழியைப் பொய்யாக்குகின்றன.

எனினும் திரைப்படத்தில் வருவதுபோல் ஒரே பாட்டில் திருந்திவிடுவதும் இல்லை. டி குயின்சி தம் நூலின் முடிவில் அபினை வென்றுவிட்டதுபோல் எழுதினார். அடுத்த ஆண்டு நூல்வடிவம் வந்தபோது, இன்னும் முழுவதும் விட்டபாடில்லை என்று பின்னிணைப்பில் ஒப்புக்கொண்டார். 1859-இல் இறக்கும்வரை அது அவரை விட்டு நீங்கவில்லை. நிக் ஷெஃப் முதல் நூலை நம்பிக்கையோடு முடித்தார். 2011-இல் வந்த அடுத்த நூலில் தாம் மறுபடி தவறியதையும் மறுபடி எழுந்ததையும் சொன்னார். பிறகு 2019-இல் தந்தையும் மகனும் சேர்ந்து, நம் வயதினருக்காகவே போதையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். கிறிஸ்டியானே 2013-இல் தம் பிற்கால வாழ்வை எழுதினார். அதில் வெற்றி முழக்கம் இல்லை. திரும்பத் திரும்ப விழுந்ததும், உடல் நலிந்ததும் ஒளிக்காமல் சொல்லப்பட்டுள்ளன.

அப்படியானால் மீட்சியே இல்லையா? உண்டு. போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. நீரிழிவு நோயாளி ஒருநாள் இனிப்புச் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறிவிட்டால், “இவர் கெட்டவர், இனி மருந்து தராதீர்” என்போமா? அதுபோலவே மறுபடி தவறியவரையும் மறுபடி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். விழுந்தது தோல்வி, எழாமல் கிடப்பதே அழிவு.

நம் மாநிலத்திலும் இதற்குப் பெரும்பணி ஆற்றிய ஒரு பெண்மணி இருக்கிறார். சாந்தி ரங்கநாதன் அம்மையார் குடிநோயால் கணவரை இழந்தவர். அந்தத் துயரத்தோடு மூலையில் அமர்ந்துவிடாமல், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கி, குடிக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானவர்களுக்கு மறுவாழ்வு அளித்தார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தம் வீட்டில் அணைந்த விளக்கைப் பிறர் வீட்டில் ஏற்றியவர் அவர்.

மெய்யும் பொய்யும்

இந்நூல்களைப் படிக்கும்போது எச்சரிக்கையும் வேண்டும். எல்லாம் உண்மை என்று நம்பிவிடலாகாது.

1971-இல் அமெரிக்காவில் ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’ என்னும் நூல் வந்தது. போதையில் சிக்கி மாண்ட பதினைந்து வயதுப் பெண்ணின் உண்மை நாட்குறிப்பு என்று சொல்லி, பெயரில்லாமல் வெளியிட்டார்கள். இலட்சக்கணக்கானோர் படித்துக் கண்ணீர் விட்டனர். பின்னாளில் அதன் பின்னே பியாட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்னும் நடுத்தர வயது எழுத்தாளர் இருந்தது தெரிந்தது. பிற்காலப் பதிப்புகளில் அது கற்பனைப் படைப்பு என்றே அச்சிடப்பட்டது. மற்றொருவர் ஜேம்ஸ் ஃப்ரே. தம் மீட்சியைப் பற்றி 2003-இல் நூல் எழுதி, 2005-இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியால் பெரும்புகழ் பெற்றார். மாதக்கணக்கில் சிறையில் இருந்ததாக எழுதியவர் உண்மையில் சில மணி நேரமே காவலில் இருந்தார் என்பது 2006-இல் வெளியாயிற்று. ஏமாந்த வாசகர்களுக்குப் பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது.

“நல்லதைத்தானே சொன்னார்கள், பொய்யாக இருந்தால் என்ன?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நானும் யோசித்தேன். போதையை வளர்ப்பதே பொய்தான். அதை எதிர்க்கவும் பொய்யையே துணைக்கு அழைத்தால், பொய் தெரிந்த அன்று பிள்ளைகள் மெய்யையும் நம்ப மாட்டார்கள். “எல்லாம் மிரட்டல்” என்று தள்ளிவிடுவார்கள்.

பெயரை மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பதையும் கற்றேன். கிறிஸ்டியானே தன் குடும்பப் பெயரில் ஓரெழுத்தை மட்டும் வைத்தாள், நடந்ததைச் சொன்னாள். மற்ற நூலோ பெயரை மறைத்ததோடு நில்லாமல், நாட்குறிப்பு என்பதையே கற்பனை செய்தது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய குடிநோயாளர் சங்கத்திலும் உறுப்பினர்கள் முழுப் பெயரை வெளியிடுவதில்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறார்கள். திரையிட்டு நின்று உண்மை பேசலாம். முகத்தைக் காட்டிக்கொண்டும் பொய் பேசலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கிறிஸ்டியானேயின் கதை வெளிவந்த பின், அதை ஒரு பாடமாகக் கொள்ளாமல் அவளைப் போலவே உடுத்தியும், அந்த இரயில் நிலையத்தைத் தேடிப்போய்ப் பார்த்தும் மகிழ்ந்த இளையோரும் இருந்தார்கள். புண்ணைப் பொட்டாக எண்ணியவர்கள் அவர்கள். ஆகவே இந்நூல்களைத் தனியே ஒளித்துப் படிக்காமல், பெரியவர் ஒருவரோடு பேசிப் படிப்பதே நல்லது. சிஸ்டர் கிளிப் போட்டுத் தந்ததற்கு அன்று சற்றே கோபம் வந்தது. இன்று நன்றி சொல்கிறேன்.

நான் படித்த காரணம்

இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டிலிருந்துதான் கல்லூரிக்குப் போனார். கணக்கு எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். இரண்டாம் ஆண்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்தது. மருத்துவர் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கால் சரியாயிற்று, மாத்திரை நிற்கவில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமலே யாரிடமோ வாங்கத் தொடங்கினார். டி குயின்சியின் பல்வலியைப் படித்தபோது என் நெஞ்சு ஏன் அடித்துக்கொண்டது என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

முதலில் அவர் சிரிப்பு குறைந்தது. பிறகு வீட்டில் பொருள்கள் குறைந்தன. அம்மாச்சியின் கம்மல் அடகுக்கடைக்குப் போயிற்று. நான் முதல் வகுப்பிலிருந்து காசு போட்டு வந்த மண் உண்டியல் ஒருநாள் கட்டிலுக்கடியில் உடைந்து கிடந்தது. பூனை தட்டியிருக்கும் என்று மாமா சொன்னார். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

அதன்பின் அவர் முப்பது நாள் போதை மறுவாழ்வு மையத்தில் இருந்தார். அந்த முப்பது நாளும், “உன் மாமா எங்கே?” என்று என்னைக் கேட்ட தோழியர் மூவரிடம், “பெங்களூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறார்” என்று சொன்னேன். வேலை, சம்பளம், தங்குமிடம் என்று கேட்கக் கேட்கப் பொய்யை வளர்த்தேன். மாமாவின் பொய்யை வெறுத்த நானும் அவரைப்போலவே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். நூல்களைப் படித்த பின்தான் அது எனக்கு உறைத்தது. அந்த மூவருக்கும் சொல்கிறேன்: நான் சொன்னது பொய். என்னை மன்னித்துவிடுங்கள்.

மாமா திரும்பி வந்தார். நான்கு மாதம் கழித்து மறுபடி தவறினார். அன்று அம்மா சாப்பிடவில்லை. அம்மாச்சி செபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. நான் மட்டும் மாமாவோடு பேசமாட்டேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊதாரி மைந்தன் உவமையில் விருந்துக்குள் வர மறுத்து வெளியே நின்ற மூத்தவனை எனக்கு அன்றுதான் நன்றாகப் புரிந்தது. அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தந்தை அவனையும் தேடி வெளியே வந்தாரே!

மாமா மறுபடி சிகிச்சைக்குப் போனார். இம்முறை தாமாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இதை எழுதும்போது பதினொரு மாதம் ஆகிறது. “முழுக்கக் குணமாகிவிட்டதா மாமா?” என்று ஒருநாள் கேட்டேன். “இன்றைக்கு எடுக்கவில்லை பாப்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். முதலில் அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நூல்களைப் படித்த பின், அவர் என்னிடம் சொன்ன பதில்களிலேயே மிகவும் உண்மையானது அதுதான் என்று அறிந்தேன்.

எனக்குப் புது உண்டியல் ஒன்று வாங்கி வந்தார். “பீரோவில் வைத்துப் பூட்டு. நான் சொல்லும்வரை வெளியே வைக்காதே” என்றார். பூட்டித்தான் வைத்திருக்கிறேன். மன்னிப்பை ஒரே நாளில் கொடுத்துவிட முடிகிறது. நம்பிக்கையோ உண்டியல் காசுபோல் ஒவ்வொன்றாகத்தான் சேர்கிறது.

இக்கட்டுரையை எழுதலாமா என்று அம்மாவிடமும் மாமாவிடமும் கேட்டேன். “எழுது. என் பெயரும் வேண்டாம், உன் பெயரும் வேண்டாம். ஆனால் பூனைக் கதையை விட்டுவிடாதே” என்றார் மாமா.

முடிவுரை

அன்புத் தோழியரே! மருத்துவர் தந்த மாத்திரையை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் உட்கொள்ளுங்கள். “ஒரு முறைதானே” என்று யாராவது நீட்டினால், மோனிக்காவின் முதல் துளியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரேனும் தடுமாறினால் ஒளிக்காதீர்கள். நம்பத்தக்க ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். போதை மீட்புக்கென்று அரசு நடத்தும் 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை ஒருநாள் நடுங்கும் கையோடு ஒரு தாளை நீட்டலாம். காந்தியடிகளின் தந்தையைப்போல் அதை முழுவதும் படித்துப் பாருங்கள். அதற்கு முன் கை ஓங்காதீர்கள்.

மீண்டவர் சொன்ன கதைகளை நான் படித்தது மாமாவைத் தெரிந்துகொள்ளத்தான். ஆனால் அவை என் பொய்யையும் எனக்குக் காட்டின. அதைச் சொல்லிவிட்டேன். இனி அந்த மூன்று தோழியரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பேன்.